பகடைக்குள் புகுந்த காவியம்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதப் படத்தை விரித்து, தாயக்கட்டை உருட்டி விளையாடும் வழக்கத்தை மாணவியர் அறிவர். நம் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு காய் வைத்து ஆடியவர்கள்தாம். புண்ணியம் ஏணியாகி மேலே ஏற்றும். பாவம் பாம்பாகிக் கீழே இறக்கும். உச்சியில் பரமபதம். மறைநூல் வகுப்பில் ஒரு மாதம் சொல்ல வேண்டியதை ஒரு தாள் படம் ஓர் இரவில் சொல்லிவிடுகிறது.

ஆனால் அந்த விளையாட்டில் ஒரு குறை உண்டு. ஆடுபவருக்கு அதில் வேலையே இல்லை. பாம்பின் வாயில் விழுவதும் ஏணியின் அடியில் நிற்பதும் கட்டையின் செயல். நான் பொய் சொன்னதால் பாம்பு கடிக்கவில்லை. மூன்று விழுந்ததால் கடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஆட்டம் இங்கிலாந்துக்குப் போயிற்று. முதலில் அங்கேயும் நற்குணம், தீக்குணம் என்ற படங்களோடுதான் அச்சிட்டார்கள். நாளடைவில் படங்கள் உதிர்ந்து, பாம்பும் ஏணியும் மட்டும் மிஞ்சின. 1943இல் அமெரிக்காவில் பாம்பையும் எடுத்துவிட்டுச் சறுக்குமரம் போட்டுவிட்டார்கள்! கதையை விளையாட்டாக்கும்போது கதை எவ்வளவு எளிதில் கழன்று விழுந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இதை இவ்வளவு தூரம் எழுதக் காரணம், சென்ற ஆண்டு நம் நூலக மேசைக்கு வந்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குச் சென்னையில் வேலை பார்க்கும் அவள் மாமா வாங்கிக் கொடுத்தது. அவள் அன்னை அதை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு தலைமைச் சகோதரியிடம் வந்தார். "சிஸ்டர், இதிலே பூதம், பேய், கத்தி எல்லாம் போட்டிருக்கு. கூடவே பகடை வேற. என் பெண்ணு ராத்திரி எல்லாம் இதையே படிக்கிறா. இது நல்லதா கெட்டதான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார். சகோதரி புத்தகத்தை என்னிடம் தந்து, "படித்துவிட்டு நேர்மையாகச் சொல்லுங்கள், டீச்சர்" என்றார். படித்தேன். அன்று சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் புத்தகம் ஜே. ஆர். ஆர். டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதை உலகத்தை, பலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டாக மாற்றித் தருவது. ஆகவே முதலில் அவரைப் பற்றிச் சில வார்த்தைகள்.

டோல்கீன் 1892ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டைன் நகரில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தார். அவருடைய தாய் மேபல் 1900இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் உறவினரின் பண உதவி நின்றது. 1904இல் நீரிழிவு நோயால் அவர் இறந்தபோது மகனுக்கு வயது பன்னிரண்டு. அனாதையான இரு சிறுவர்களையும் வளர்க்கும் பொறுப்பை ஏற்றவர் பர்மிங்காம் ஆரட்டரி மடத்தைச் சேர்ந்த அருட்தந்தை பிரான்சிஸ் மார்கன். அந்த மடத்தை நிறுவியவர்தாம் 2019இல் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமன். பிற்காலத்தில் டோல்கீன் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலத்தைக் கற்பிக்கும் பேராசிரியரானார். அவருடைய மூத்த மகன் குருவானவரானார்.

1937இல் 'தி ஹாபிட்' வந்தது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகங்களாக வெளிவந்தது. கதையை ஒரு பத்தியில் சொல்வதானால்: தீயவன் ஒருவன் உலகை ஆள ஒரு மோதிரம் செய்தான். அது ஃப்ரோடோ என்ற எளிய குள்ள மனிதனின் கையில் வந்து சேர்கிறது. அணிந்தவரைக் கண்ணுக்குப் புலப்படாமல் மறைக்கும் மோதிரம் அது. ஆனால் மெல்ல மெல்ல அவர் மனத்தைத் தின்றுவிடும். அதைப் பயன்படுத்தக் கூடாது. அது செய்யப்பட்ட எரிமலைக்கே கொண்டுபோய் அழிக்க வேண்டும். பொக்கிஷத்தைத் தேடிப் போகும் கதைகள் உலகில் ஆயிரம். பொக்கிஷத்தைத் தொலைப்பதற்காகப் போகும் கதை இது.

இக்கதையில் கோயில் இல்லை, குருக்கள் இல்லை, வழிபாடென்று சொல்லத்தக்கதும் ஏறக்குறைய இல்லை. ஆயினும், இந்நூல் அடிப்படையில் சமயம் சார்ந்த, கத்தோலிக்க நூலே என்று 1953இல் ராபர்ட் மரே என்ற இயேசு சபையாருக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன் குறிப்பிட்டார். சமயம் கதையின் உள்ளேயே கரைந்துவிட்டதால்தான் வெளிச் சடங்குகளை நீக்கிவிட்டதாகவும் சொன்னார். பாலில் கரைந்த சர்க்கரையைக் கண்ணால் தேடிப் பயனில்லை அல்லவா? ஒன்று மட்டும் சொல்கிறேன்: கதையின் கால அட்டவணைப்படி மோதிரம் அழிவது மார்ச் 25. நம் திருவழிபாட்டு நாட்காட்டியில் அது என்ன திருநாள் என்று மாணவியர் பார்த்துக்கொள்ளலாம்.

இனி விளையாட்டுக்கு வருவோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். இதில் வெற்றி, தோல்வி என்று எதிரெதிர் அணிகள் இல்லை. ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். அதன் வலிமை, அறிவு, கைத்திறன் முதலியவை ஒரு தாளில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். "முன்னே ஆறு ஓடுகிறது, பாலம் இடிந்து கிடக்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். "நீந்துகிறேன்" என்றால் இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு அந்தப் பாத்திரத்தின் திறனைக் கூட்டிப் பார்த்து, கரை ஏறினாளா, நீரோடு போனாளா என்று முடிவு செய்வார்கள். பரமபதத்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. என்ன செய்வது என்பதை ஆடுபவர் தீர்மானிக்கிறார். அது பலித்ததா என்பதை மட்டுமே பகடை சொல்கிறது.

இவ்வாட்டத்தில் குள்ளரும் வனதேவரும் மந்திரவாதியும் தொடக்கம் முதலே இருந்தனர். பெயர்கள் பல டோல்கீனிடமிருந்து எடுத்தவையே. 'ஹாபிட்' என்ற சொல்லை அனுமதியின்றி ஆளக் கூடாது என்று உரிமையாளர்கள் தடுத்த பின்னர், அதை 'ஹாஃப்லிங்' என்று மாற்றினர். அப்படியானால் டோல்கீன் உலகத்தை இந்த விதிகளைக் கொண்டே ஆடிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

பழைய விதிகளின்படி, பூதத்தைக் கொன்றால் புள்ளி; தங்கத்தைக் கொண்டுவந்தால் புள்ளி. புள்ளி சேரச் சேரப் பாத்திரம் பலம் பெறும். எதற்குப் புள்ளி உண்டோ அதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள். இதைப் பரீட்சைத் தாள் திருத்தும் எந்த ஆசிரியையும் அறிவார். ஆனால் டோல்கீன் கதையின் உயிர்நாடி எது? கோலம் என்ற இழிந்த பிராணியைக் கொல்ல ஹாபிட்டுகளுக்கு வாய்ப்பு வருகிறது. அவர்கள் இரங்கி விட்டுவிடுகிறார்கள். கடைசியில் எரிமலையின் விளிம்பில் ஃப்ரோடோ தோற்றுப்போகிறான். மோதிரத்தை எறிய அவனுக்கு மனம் வரவில்லை. அப்போது கோலம் பாய்ந்து, அவன் விரலைக் கடித்து, மோதிரத்தைப் பிடுங்கிக்கொண்டு நெருப்பில் விழுகிறான். இரக்கம் காட்டாதிருந்தால் உலகம் அழிந்திருக்கும். கொன்றால் புள்ளி என்ற விதியை வைத்துக்கொண்டு இந்தக் கதையை ஆடினால், கோலம் முதல் நாளே செத்திருப்பான்! மோதிரமும் அப்படித்தான். பழைய ஆட்டத்தில் மறைய வைக்கும் மோதிரம் என்பது கிடைத்தால் கொண்டாட வேண்டிய சொத்து.

1984இல் அமெரிக்காவின் அயர்ன் கிரௌன் நிறுவனம் முறைப்படி உரிமை பெற்று 'மிடில்-எர்த் ரோல் பிளேயிங்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. நிலப்படங்கள் அருமை என்பார்கள். ஆனால் விதிகள் அந்நிறுவனத்தின் வேறோர் ஆட்டத்திலிருந்து சுருக்கி எடுத்தவை. எலும்பு முறிவுக்கும் இரத்தப் பெருக்குக்கும் நீண்ட அட்டவணைகள் இருந்தன, மந்திரமும் தாராளம். ஊர்ப்பெயர் டோல்கீனுடையது, நடப்பு வேறு உலகத்தினுடையது என்பதே என் எண்ணம்.

2011இல் பிரான்செஸ்கோ நெபித்தெல்லோ, மார்கோ மாஜி என்ற இரு இத்தாலியர்கள் 'தி ஒன் ரிங்' என்று புதிய ஆட்டமே அமைத்தனர். 2016இல் அதன் கருத்துகளை எடுத்து, உலகில் மிகப் பலர் ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பின் விதிகளுக்குள் பொருத்தி, கியூபிகிள் செவன் நிறுவனம் 'அட்வென்ச்சர்ஸ் இன் மிடில்-எர்த்' நூலை வெளியிட்டது. துணிப்பையில் வந்த புத்தகம் இதுதான். 2023இல் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று இதே முயற்சியைப் புதுப்பித்திருக்கிறது.

இவர்கள் செய்ததைத்தான் நான் வியந்து படித்தேன். முதல் வேலையாக, நீக்கினார்கள். ஐந்தாம் பதிப்பில் மந்திரவாதி உண்டு. 'கிளெரிக்' என்னும் பூசாரி உண்டு. டோல்கீன் உலகில் மந்திரவாதிகள் ஐவரே. அவர்களும் அப்பாலிருந்து அனுப்பப்பட்டவர்கள். எனவே மேசையில் உட்காரும் எவரும் மந்திரவாதி ஆக முடியாது. பூசாரியும் கிடையாது. பூசாரி மந்திரம் சொன்னதும் புண் ஆறுகிறதென்றால், டோல்கீன் கரைத்து வைத்த சர்க்கரையைத் திரும்பப் பாலிலிருந்து அள்ளி மேசைமேல் கொட்டியது போலாகும். ஆகவே அறிஞர், போர்வீரர், காவலர், நாடோடி, புதையல் தேடுபவர், வெகுண்டு பொருதுபவர் என்று ஆறு வகையினரே உண்டு. காயம் பட்டால் பச்சிலை. வழி தவறினால் தோழனின் கை.

அடுத்து, நடையைப் பெரிதாக்கினார்கள். மூலக் கதையில் போரைவிட நடைதான் அதிகம். பழைய ஆட்டங்களில் "பத்து நாள் நடந்து போய்ச் சேர்ந்தீர்கள்" என்று ஒரே வரியில் தாண்டிவிடலாம். இங்கே பயணத்துக்கென்றே தனி விதிகள். ஒருவர் வழிகாட்டி, ஒருவர் முன்சென்று பார்ப்பவர், ஒருவர் வேட்டையாடி உணவு தேடுபவர், ஒருவர் காவல் பார்ப்பவர். வழியில் எங்கு படுத்தாலும் களைப்பு முழுவதும் தீராது; நல்லோர் வீடு ஒன்றை அடைந்தால்தான் தீரும். இந்த ஒரு விதியால், காட்டு நடுவில் விளக்கெரியும் வீட்டைக் கண்டதும் ஆடுபவர்களுக்கு உண்மையாகவே ஆறுதல் வந்துவிடுகிறது. பெரியோர் அவையில் எப்படி நுழைவது, யார் பேசுவது, நம் இனத்தாரை அவ்வூரார் எவ்வாறு மதிக்கிறார்கள் என்பதற்கும் தனி விதிகள் உண்டு.

மூன்றாவதுதான் முக்கியமானது: நிழல். பொய், களவு, கொடுமை, கொலை என்று மனமறிந்து தீமை செய்தால் நிழல் புள்ளி சேரும். சபிக்கப்பட்ட பொன்னைத் தொட்டாலும், பாழ்பட்ட நிலத்தில் நடந்தாலும், தாங்க முடியாத துயரைக் கண்டாலும் சேரும். நம் ஞானத்தின் அளவை நிழல் மிஞ்சினால் மனம் தளரும். ஒரு நாள் தன்வசம் இழந்து நடக்கும். அவரவர் பலவீனம் எதுவோ, ஒருவருக்கு பொன்னாசை, ஒருவருக்கு அதிகார மோகம், ஒருவருக்கு வஞ்சம், அந்த வழியில் அவர் சரிந்துகொண்டே போவார். நிழலைக் கழிப்பதற்கும் வழி உண்டு. ஆனால் அதற்குப் பயணத்தை நிறுத்தி, ஓரிடத்தில் தங்கி, நாள் செலவிட வேண்டும்.

எதிரியை எளிதாகக் கொல்லலாம், யாரும் பார்க்கவில்லை. ஆனால் என் தாளில் ஓர் எண் ஏறும். பிள்ளைகள் தயங்குகிறார்கள். இது நமது பரமபதப் பாம்புதான். இந்த முறை பாம்பை நாமே அழைக்கிறோம். புள்ளிக்குப் பயந்து நல்லவராவது நல்லதனம் ஆகுமா என்று சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. ஒப்புரவு அருட்சாதனத்துக்குத் தயாராகும் சிறு பிள்ளையும் முதலில் பட்டியல்தான் போடுகிறாள் என்று நான் பதில் சொன்னேன். சகோதரி சிரித்தாரே ஒழிய, ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அந்த அன்னையின் அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 1980களில் அமெரிக்காவில் இந்த ஆட்டம் பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று பெற்றோர் சங்கங்களும் சில கிறிஸ்தவக் குழுக்களும் பெரும் கிளர்ச்சி செய்தன. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'பிசாசு' என்ற சொல்லையே வெளியீட்டாளர்கள் எடுத்துவிட்டார்கள். குற்றச்சாட்டுகள் நிலைக்கவில்லை. எனினும் இரவு முழுவதும் விழித்திருந்தால் மறுநாள் கணக்கு வகுப்பில் தூக்கம் வரும் என்பது எந்த நாட்டிலும் உண்மை. அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. படங்களில் சில கோரமானவை என்பதும் உண்மை.

புத்தகத்தைப் படித்து முடித்ததும், ஐந்து மாணவியர், "டீச்சர், வெள்ளைக்காரர் ஊர்க் கதைக்கு இவ்வளவு செய்திருக்கிறார்களே, நம் ஊர்க் கதைக்குச் செய்ய முடியாதா?" என்று கேட்டார்கள். நமக்குப் பக்கத்திலேயே பழையனூர் இருக்கிறதே! நீலிக் கதையை நம் பாட்டிமார் சொல்லாத நாள் ஏது? காஞ்சிபுரத்து வணிகன் ஒருவன் பழையனூருக்கு வருகிறான். பழிவாங்க வந்த நீலி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர், என்னைக் கைவிட்டார்" என்று ஊர் மன்றத்தில் அழுகிறாள். வேளாளர் எழுபது பேரும் அவள் கண்ணீரை நம்பி, "உனக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் எழுபது உயிரும் பிணை" என்று வணிகனுக்கு வாக்குக் கொடுத்து, அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். 'நீலிக்கண்ணீர்' என்ற சொல் நாடெங்கும் வழங்கக் காரணம் நம் பகுதியின் இந்தக் கதையே.

இதை ஆட்டமாக்குவது லேசாக இல்லை. முதல் தடை: முடிவு எல்லோருக்கும் தெரியும். அவள் நீலி என்று தெரிந்த பிறகு யார் நம்புவார்கள்? ஆகவே பெயர்களை மாற்றினோம். மன்றத்துக்கு வரும் பெண் சில வேளை பேய், சில வேளை உண்மையாகவே கைவிடப்பட்ட மனைவி. நடத்துபவர் சீட்டு எடுத்து முன்கூட்டி முடிவு செய்து, மனத்துக்குள் வைத்துக்கொள்வார். இதனால் ஆட்டம் கூர்மை பெற்றது. எதற்கும் நம்பாமல் இருந்துவிடலாம் என்றால், நிஜமான ஒரு தாயையும் குழந்தையையும் இருட்டில் தெருவில் விட்டவர்கள் ஆவோம்.

இரண்டாவது, வாக்கு. அதற்குப் புளியங்கொட்டை வைத்தோம். ஒவ்வொருவர் கையிலும் மூன்று. ஒரு வாக்குக் கொடுத்தால் ஒரு கொட்டையை நடுவில் வைக்க வேண்டும். திருப்பி எடுக்க முடியாது. காப்பாற்றினால் இரண்டாக வரும். மூன்றாவது, முடிவு. தீக்குளிப்பு ஆட்டத்தில் வரக் கூடாது என்று சகோதரி திட்டமாகச் சொல்லிவிட்டார். நானும் அதே எண்ணம்தான். ஆகவே விடிந்து கதவு திறக்கும் இடத்தோடு ஆட்டம் நிற்கும். உள்ளே என்ன இருந்தது என்பதை நடத்துபவர் சொல்வார். பிறகு பகடை இல்லை. கொட்டை வைத்தவர்கள் தாம் கொடுத்த சொல்லுக்கு இப்போது என்ன செய்யப் போகிறார்கள் என்று பேச வேண்டும்.

முதல் நாள் ஆட்டத்தில் நான்கு பேர் கொட்டை வைத்தார்கள். ஐந்தாமவள், ஒன்பதாம் வகுப்பிலேயே அதிகம் பேசாதவள், வைக்கவில்லை. "அந்தக் குழந்தைக்குச் சாப்பாடு கொடுங்க. சாப்பிடுதான்னு பார்க்கணும்" என்றாள். நடத்திய என்னிடம் அதற்கு விதியே இல்லை! கள்ளிக்கட்டை சோறு தின்னுமா? இரண்டு நிமிடம் விழித்துவிட்டு, அன்றைய சீட்டில் அவள் பேய் என்பதால், "தின்னவில்லை" என்றேன். மற்ற நால்வரும் கூச்சலிட்டு நடுவிலிருந்த கொட்டைகளைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. கொட்டையைத் திரும்ப எடுக்க முடியாது என்ற விதியை மாற்ற வேண்டும் என்று அரை மணி நேரம் வாதம். மாற்றவில்லை. கடைசியில் நால்வரும் வணிகனோடு அதே வீட்டில் தாங்களும் இரவெல்லாம் விளக்கேற்றி விழித்திருப்பது என்று முடிவாயிற்று. அவன் பிழைத்தான்.

இருபது முகப் பகடை நம் கடைத்தெருவில் கிடைக்கவில்லை. ஒன்று முதல் இருபது வரை எண் எழுதிய சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்கிறோம். அந்த அன்னை ஒரு சனிக்கிழமை வந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் முழுவதும் பார்த்தார். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை; நூலக அலமாரியிலேயே இருக்கட்டும் என்றார். இரவு படிக்க முடியாதல்லவா, கெட்டிக்காரர்!

இப்போது ஏழாம் வகுப்பினர் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை ஆட்டமாக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறார்கள். ஆற்றைக் கடந்து வந்து, தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி, ஒருவனைக் காணோம் என்று அழும் சீடர்கள்! பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கும் சீடர்கள்! இதில் சிக்கல் நீலிக் கதைக்கு நேர்மாறானது. ஆடும் பிள்ளைகள் எல்லாரும் கெட்டிக்காரிகள். உடனே சரியாக எண்ணிவிடுகிறார்கள். சரியான விடை சொன்னால் ஒரு கொட்டை பறிபோகும் என்று ஒரு விதி எழுதிப் பார்த்தோம். வகுப்பில் இருபத்தெட்டு பேரும் ஒரே நேரத்தில் அசட்டுப் பதில் சொன்ன சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் கதவைத் தட்டிவிட்டார். வேறு விதி தேடிக்கொண்டிருக்கிறோம்.